பெயரைத் துரத்தாமல் ஊரைப் பிடிப்பது: காலனிக் கால அமெரிக்க மூதாதையைத் தேடும் முறை

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தின் பதிவேட்டில் முதல் திருமணம், எலிஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவைக்கும் நடந்தது. தேதி 1680 நவம்பர் 4. மணமகன் பிறகு 1687 முதல் 1692 வரை சென்னையின் ஆளுநராக இருந்தார். 1718இல் அவர் அனுப்பிய துணி மூட்டைகளும் புத்தகங்களும் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்குக் கை கொடுத்தன. அந்தக் கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது. அவர் பிறந்தது 1649இல், மாசசூசெட்ஸ் காலனியின் பாஸ்டன் நகரத்தில்.

இன்று அமெரிக்காவில் யேல் என்ற குடும்பப் பெயர் உள்ள ஒருவர் “நாங்கள் எலிஹு யேல் வம்சம்” என்று சொன்னால் கேட்பவர்களுக்கு நம்பத்தான் தோன்றும். ஆனால் தந்தைவழியில் அதற்கு இடமில்லை. எலிஹுவுக்கும் கேத்தரினுக்கும் பிறந்த மகன் டேவிட் சிறுவயதிலேயே இறந்து 1688இல் சென்னையில் அடக்கமானான். வளர்ந்து ஆளானவர்கள் மூன்று மகள்கள் மட்டுமே. அமெரிக்காவின் பழைய யேல் குடும்பங்கள் எலிஹுவின் சித்தப்பா தாமஸ் யேலின் வழி வந்தவை. எலிஹுவின் அப்பாவான அண்ணன் டேவிட் மனைவி மக்களோடு 1650களின் தொடக்கத்தில் லண்டனுக்குத் திரும்பிவிட்டார். தம்பி தாமஸ் நியூ ஹேவனில் நிலம் வாங்கி அங்கேயே வாழ்ந்து முடித்தார். அந்தச் சகோதரர்கள் அமெரிக்கா வந்ததும் தங்கள் அப்பாவோடு அல்ல. விதவையான அவர்கள் அம்மா ஆன், தியோஃபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்திருந்தார். 1637இல் வந்த குடும்பத்தின் தலைவர் ஈட்டன். கப்பலேறிய குடும்பத் தலைவர் பெயரில் யேலைத் தேடினால் ஆளே கிடைக்கமாட்டார்.

குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு முன்னோரைத் தேடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒரு குடும்பத்திலேயே இருக்கிறது. பெயர் ஒன்று, வழி வேறு. பெயர் ஒன்று, ஊர் வேறு. காலனிக் காலத்து மனிதர் ஒருவரை உறுதியாக அடையாளம் காட்டுவது அவர் பெயரல்ல. அவர் எந்த ஊரில், எந்த ஓடைக்கரையில், யார் யாருக்குப் பக்கத்தில், எந்த ஆண்டில் இருந்தார் என்பதுதான். எனவே வேலையை ஊரிலிருந்து தொடங்க வேண்டும். குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கடைசியில்தான் விடை கிடைக்கும். பலர் அதையே முதலில் கேட்டு, அங்கேயே வழி தவறிவிடுகிறார்கள்.

1850 என்ற கதவு

தேடல் நம்மிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் போக வேண்டும். 1990இல் பிறந்த ஒருவருக்கும் 1660இல் பிறந்த மூதாதைக்கும் இடையில் தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தால் 11 தலைமுறை. அந்தத் தலைமுறையில் அவருக்கு 2,048 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. குடும்பப் பெயரைத் தந்தவர் அதில் ஒரே ஒருவர்.

20ஆம் நூற்றாண்டைக் கடப்பது எளிது: பிறப்பு, திருமணச் சான்றுகள், கல்லறைகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாம் இருக்கின்றன. 1890 கணக்கெடுப்பின் தாள்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தால் அழிந்தது. 1880க்கும் 1900க்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பதற்கு அதுவே காரணம். 1880 கணக்கெடுப்புதான் வீட்டில் ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதை முதலில் குறித்தது. 1850, 1860, 1870 தாள்களில் அடிமையாக இல்லாத எல்லோருடைய பெயரும் வயதும் உண்டு, உறவு கிடையாது. ஒரு வீட்டில் 40 வயது ஆண், 38 வயதுப் பெண், நான்கு பிள்ளைகள் என்று இருந்தால் அப்பா, அம்மா, மக்கள் என்று முடிவுகட்டக் கூடாது. அந்தப் பெண் இரண்டாம் மனைவியாக இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம்.

1850க்கு முன்னால்தான் உண்மையான கஷ்டம். 1790 முதல் 1840 வரையான ஆறு கணக்கெடுப்புகளிலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1790 தாள்களில் வர்ஜீனியா, நியூ ஜெர்சி, டெலவேர், ஜார்ஜியா போன்ற பகுதிகளுடையவை காணாமல் போய்விட்டன. ஆகவே 1850இல் உயிரோடிருந்த ஒரு முதியவரையோ அவர் மகனையோ ஒரு கவுன்டியில், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியில், கொண்டுவந்து நிறுத்துவதுதான் முதல் இலக்கு. கவுன்டி தெரிந்தால் நிலப் பத்திரமும் உயிலும் வரிப்பட்டியலும் திறந்துகொள்ளும்.

அமெரிக்க விடுதலைக்கான புரட்சிப் போரில் சண்டையிட்டவர் குடும்பத்தில் இருந்தால் அவருடைய ஓய்வூதியக் கோப்பு இந்த இடைவெளிக்குப் பெரிய பாலம். 1832 சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள் நீதிமன்றத்தில் நின்று, எங்கே எந்த ஆண்டு பிறந்தேன், எந்தத் தளபதியின் கீழ் இருந்தேன், போருக்குப் பிறகு எந்தெந்த ஊர்களில் வாழ்ந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். வட கரோலினாவில் பிறந்து டென்னசி வழியாக மிசௌரியில் முடிந்த ஒரு வாழ்க்கையின் வரைபடம் ஒரே தாளில் கிடைக்கும். விதவைகள் விண்ணப்பித்தபோது திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் பக்கங்களைக் கிழித்துக் கோப்போடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் அத்தனை பேரின் பிறந்த தேதியும் இருக்கும். மனு தள்ளுபடியான கோப்புகளையும் பார்க்க வேண்டும். பணம் கிடைக்காதவர் கூடுதலாகச் சாட்சி கொடுத்திருப்பார்.

ஒவ்வொரு காலனியும் ஒவ்வொரு விதம்

மாசசூசெட்ஸ், கனெக்டிகட் அடங்கிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் பதிவது ஊராட்சியின் வேலை. மாசசூசெட்ஸின் பெரும்பாலான ஊர்களுக்கு 1850 வரையான பதிவுகள் அச்சிலேயே உண்டு. கனெக்டிகட்டுக்கு பார்பர் தொகுப்பு என்ற பெரிய சுருக்கப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் தேதி எதனுடைய தேதி என்று பார்க்க வேண்டும். திருமண அறிவிப்பு திருமணம் ஆகாது. அறிவித்த பிறகு நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் பெற்றோர் அப்போதுதான் சபையில் சேர்ந்தார்கள் என்று பொருள்.

வர்ஜீனியாவில் கதை வேறு. பிறப்புகளைப் பதிந்தது ஆங்கிலத் திருச்சபையின் பங்குகள், அதாவது வட்டாரத் தேவாலயங்கள். அந்தப் பதிவேடுகளில் தப்பியவை கொஞ்சம்தான். போதாக்குறைக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பல கவுன்டிகள் பாதுகாப்புக்காகத் தங்கள் ஆவணங்களை ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அந்த நகரம் எரிந்தபோது அவையும் எரிந்தன. இப்படி ஆவணம் இழந்த கவுன்டிகளில் தேடுபவர்கள் கைவிட வேண்டியதில்லை. காலனி அரசு கொடுத்த நிலப் பட்டாக்கள் கவுன்டியில் அல்ல, தலைநகரில் பதியப்பட்டவை. இன்றும் வர்ஜீனியா நூலகத்தில் இருக்கின்றன. 1782 முதல் ஆண்டுதோறும் எடுத்த வரிப்பட்டியல்கள் உண்டு. பக்கத்துக் கவுன்டியில் நிலம் வைத்திருந்தால் அங்கே பத்திரம் இருக்கும்.

வர்ஜீனியாவில் ஒருவரைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்ததற்குத் தலைக்கு 50 ஏக்கர் கொடுத்தார்கள். அந்தப் பட்டாக்களில் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். 1630களின் அத்தகைய பட்டியல் ஒன்றில் ஜார்ஜ் மெனஃபீ என்பவரின் பெயரில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒருவர் வருகிறார். எந்த ஊர்க்காரர், வீட்டில் என்ன பெயர் என்று ஒரு சொல்லும் இல்லை. இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து அத்தனை சீக்கிரம் ஒரு மனிதர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார் என்பதற்கு அந்த ஒரு வரிதான் மிச்சம். இந்தப் பட்டியல்களைக் கப்பல் பயணிகள் பட்டியலாக நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. பட்டா வழங்கிய ஆண்டு, ஆள் வந்த ஆண்டு அல்ல. நடுவில் பல வருடம் ஓடியிருக்கலாம். அந்த 50 ஏக்கர் உரிமையை விற்கவும் வாங்கவும் செய்தார்கள். ஒரே ஆளுக்குக் கப்பல் தலைவர் ஒரு முறையும் தோட்ட முதலாளி ஒரு முறையும் நிலம் கேட்டதும் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தால், அந்த ஆண்டுக்கு முன்பே அப்படி ஒருவரைக் காட்டி நிலம் கேட்டார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம்.

பென்சில்வேனியாவில் 1727 முதல் ஜெர்மன்காரர்கள் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கியதும் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை இருக்கும்: ஒன்று கப்பல் தலைவர் கொடுத்தது, மற்ற இரண்டும் வந்தவர்கள் கையெழுத்திட்டவை. தலைவரின் எழுத்தரான ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரையும் அந்த ஆளே இட்ட ஜெர்மன் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொதுவாக 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள்தான் கையெழுத்திட்டார்கள்; பெண்களையும் சிறுவர்களையும் அங்கே தேடிப் பயனில்லை. மற்றக் காலனிகளுக்கு இப்படிப்பட்ட ஒழுங்கான பட்டியல்கள் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகள் பட்டியல் முறையாகத் தொடங்கியது 1820இல்தான்.

இன்னொன்று, எல்லைகள். மேய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி. கென்டக்கி 1792 வரை வர்ஜீனியா. கவுன்டிகளோ பிரிந்துகொண்டே இருந்தன. ஒருவர் ஒரே வீட்டில் 30 வருடம் இருந்து மூன்று கவுன்டிகளில் வரி கட்டியிருக்க முடியும். அவர் இடம் பெயர்ந்தார் என்று எழுதுவதற்கு முன் அந்தக் கவுன்டி எந்த ஆண்டு எதிலிருந்து பிரிந்தது என்று பார்த்தாக வேண்டும். பழைய பத்திரம் தாய்க் கவுன்டியில்தான் இருக்கும்.

ஒரு கிரயப் பத்திரத்தை வாசிப்பது

பிறப்புப் பதிவே இல்லாத இடங்களில் தலைமுறைகளை இணைத்துக் காட்டுவது நிலம். தெற்குக் காலனிகளின் பத்திரத்தில் நிலத்தின் செக்குபந்தி இப்படிப் போகும்: ஓடைக்கரையில் உள்ள வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து 40 டிகிரி கிழக்கே 120 ராட், அங்கே இன்னாருடைய மூலையில் உள்ள பைன் மரம், அதிலிருந்து அவர் எல்லையை ஒட்டி இத்தனை ராட், இப்படிச் சுற்றித் தொடங்கிய மரத்துக்கே. ஒரு ராட் 16.5 அடி, பத்திரங்களில் பெர்ச் என்றும் எழுதியிருப்பார்கள், அளவு அதேதான். 160 சதுர ராட் ஓர் ஏக்கர். கட்டத்தாளும் கோணமானியும் எடுத்து இந்தக் கோடுகளை வரைந்தால் நிலத்தின் வடிவம் கிடைத்துவிடும். பக்கத்துப் பட்டாக்களையும் அதே அளவில் வரைந்து ஒட்டினால் அக்கம்பக்கம் முழுவதும் ஒரு படமாகும். அந்தக் காலத்துத் திசைகாட்டி காந்த வடக்கைக் காட்டியது. காந்த வடக்கு காலப்போக்கில் நகரும். அதனால் 50 வருட இடைவெளியில் எழுதிய இரண்டு பத்திரங்களில் ஒரே வேலிக்குச் சில டிகிரி வித்தியாசம் இருந்தால் அது வேறு நிலம் என்று தள்ளக் கூடாது.

இவ்வளவு சிரமப்படுவது ஏனென்றால், ஒரே கவுன்டியில் மூன்று ஜான் ஸ்மித் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்த மரமும் ஓடையும்தான். பத்திரத்தை எடுத்தால் நான்கு விஷயங்களை உடனே குறிக்க வேண்டும்: விற்றவருக்கு இந்த நிலம் எப்படி வந்தது, மனைவி தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டாரா, சாட்சிகள் யார், எல்லைக்காரர்கள் யார். கணவன் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. அவள் சம்மதம் இல்லாமல் வாங்கினால் பின்னால் தகராறு. அதனால்தான் அவள் பெயர் பத்திரத்தில் ஏறுகிறது. பல பெண்களுக்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே எழுத்து அதுதான். 1740இல் சாரா, 1748இல் எலிசபெத் என்று பெயர் மாறினால் நடுவில் மறுமணம் நடந்திருக்கிறது.

ஒருவர் நிலம் வாங்கிய பத்திரம் இருந்து, விற்ற பத்திரம் இல்லையென்றால், அந்த நிலம் வாரிசுக்குப் போயிருக்கிறது. பின்னால் அதை விற்பவர் யாரென்று தேடிப் பிடித்தால் மகனோ மருமகனோ கிடைப்பார். வர்ஜீனியாவில் உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. 1785இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு, மூத்தவனுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. இது தெரியாமல் உயிலைப் படித்தால் தப்பாகப் படிப்போம். உயிலில் மூத்த மகன் பெயரே இல்லை, அல்லது அவனுக்கு ஒரே ஒரு ஷில்லிங் என்றால், அப்பா அவனை வெறுத்தார் என்று கதை கட்டுகிறார்கள். அநேகமாக அவனுக்குச் சேரவேண்டியது முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். உயிலில் வரும் ‘என் அன்பு மனைவி’ பிள்ளைகளின் தாய் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

சொற்களும் தேதிகளும்

அந்தக் காலத்து ஆவணத்தில் ‘கசின்’ என்றால் பெரும்பாலும் உடன்பிறந்தவரின் பிள்ளை. ‘சன்-இன்-லா’ மாற்றான் மகனாக இருக்கலாம். ‘ஜூனியர்’, ‘சீனியர்’ என்பது அப்பனும் மகனும் என்று சொல்வதில்லை; ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். மூத்தவர் இறந்ததும் நேற்றுவரை ஜூனியராக இருந்தவர் சீனியர் ஆகிவிடுவார். இணையத்தில் திரியும் குடும்ப மரங்களில் சித்தப்பாவை அப்பாவாக்கியதில் பாதிக்கு இந்தச் சொல்லே காரணமாக இருக்கும். சட்ட ஆவணத்தில் ‘இன்ஃபன்ட்’ என்றால் கைக்குழந்தை அல்ல, 21 வயது ஆகாதவர். ஜே-என்-ஓ என்று சுருக்கியிருந்தால் அது ஜான், ஜோனத்தன் அல்ல. பாலி என்பவள் மேரி, பாட்ஸி என்பவள் மார்த்தா, சாலி என்பவள் சாரா.

தேதியில் ஒரு பெரிய கண்ணி உண்டு. பிரிட்டனும் அதன் காலனிகளும் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றின. சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று 11 நாட்களைத் தள்ளி, ஆண்டுப் பிறப்பையும் ஜனவரி 1க்கு மாற்றினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதிய தேதி 1731 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. இரண்டும் ஒரே நாள். ஒரு பதிவேட்டில் அண்ணன் 1701 மார்ச் 30இலும் தம்பி 1701 பிப்ரவரி 10இலும் பிறந்ததாக இருந்தால் எழுதியவர் உளறவில்லை. பிப்ரவரி அந்த ஆண்டின் கடைசியில் வருகிறது, இடைவெளி பத்து மாதத்துக்கு மேல். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான தேதிகளை 1701/2 என்று இரண்டு ஆண்டும் தெரியும்படி குறிப்பதே நல்ல வழக்கம். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மாதப் பெயர்களைச் சொல்லமாட்டார்கள், எண்தான். 1752க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். பின்னால் நியூயார்க் ஆன நியூ நெதர்லாந்தின் டச்சுக்காரர்களோ ஏற்கெனவே புதிய நாட்காட்டியில் இருந்தார்கள். இதனால்தான் கணினியில் ஏற்றும்போது தேதியைத் திருத்தாமல், ஆவணத்தில் இருக்கிறபடியே முதலில் பதிந்துவிட வேண்டும்.

கடல் தாண்டுதல்: வாஷிங்டன் குடும்பத்தில் நடந்தது

அமெரிக்காவில் இறங்கிய முதல் ஆள் வரை வந்துவிட்டால், இங்கிலாந்தில் அதே பெயரோடு ஒருவரைப் பார்த்ததும் ஒட்டவைக்கத் தோன்றும். இந்த இடத்தில்தான் அதிகம் கெடுகிறது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதிக்கே இது நடந்தது.

ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா ஜான், அவர் தம்பி லாரன்ஸ் இருவரும் 1650களில் வர்ஜீனியா வந்தவர்கள். 1790களில் மரபுச் சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதியும் லண்டனின் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸைச் சேர்ந்த சர் ஐசக் ஹெர்ட் ஒரு வம்சாவளி தயாரித்தார். நார்த்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவ் குடும்பத்தில் லாரன்ஸ் வாஷிங்டன் என்பவருக்கு ஜான், லாரன்ஸ் என்று இரண்டு மகன்கள் இருந்தார்கள். பெயர் பொருந்துகிறது, சகோதரர்கள் என்பதும் பொருந்துகிறது, காலமும் ஏறக்குறையப் பொருந்துகிறது. இவர்களே அவர்கள் என்று எழுதிவிட்டார். எழுபது ஆண்டுக்கும் மேல் அது நின்றது. 1860களில் வம்சாவளி ஆய்வாளர் ஜோசப் செஸ்டர் ஆவணங்களைத் தோண்டியபோது அந்த ஜான் ‘சர்’ பட்டம் பெற்று இங்கிலாந்திலேயே வாழ்ந்தவர் என்றும், அந்த லாரன்ஸ் ஒரு பாதிரியார் என்றும் தெரிந்தது. வர்ஜீனியா ஜானுக்குப் பட்டமும் இல்லை, வர்ஜீனியா லாரன்ஸ் பாதிரியாரும் இல்லை. வம்சாவளி உடைந்தது.

1880களில் ஹென்றி வாட்டர்ஸ் லண்டனில் உயில்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ட்ரிங் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ நோலிங் என்பவரின் உயிலில் லாரன்ஸ் வாஷிங்டன் என்ற ஞானமகனுக்குச் சொத்து, ஆம்ஃபிலிஸ் வாஷிங்டன் என்ற ‘டாட்டர்-இன்-லா’ – இங்கே மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகள் என்று பொருள் – அவள் பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. வர்ஜீனியா பக்கத்தில் ஜானின் தங்கை மார்த்தா எழுதிய உயிலில் இங்கிலாந்தில் இருக்கும் சகோதரிகள் குறிப்பிடப்பட்டிருந்தார்கள். இரண்டு கரையிலும் உள்ள உடன்பிறந்தோர் கூட்டம் பெயருக்குப் பெயர் பொருந்தியது. ஆம்ஃபிலிஸின் கணவர் யார் என்றால், எஸ்ஸெக்ஸின் பர்லீயில் பாதிரியாராக இருந்து 1643இல் பதவி இழந்த லாரன்ஸ் வாஷிங்டன். ஹெர்ட் குடியேறியவராக நினைத்த அதே பாதிரியார், உண்மையில் குடியேறியவர்களின் அப்பா. குடும்பம் சரி, தலைமுறை ஒன்று தப்பு.

இதிலிருந்து வேலைமுறையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெயரும் ஒரு வயதும் பொருந்துவது போதாது. உடன்பிறந்தவர்கள், மாமியார் வீட்டார், உயில் சாட்சிகள், கூடவே கப்பலேறிய அக்கம்பக்கத்தார் என்று கூட்டமாகப் பொருத்த வேண்டும். இங்கிலாந்தில் பங்குப் பதிவேடுகள் 1538இல் தொடங்கின. ஆனால் உள்நாட்டுப் போர்க் காலமான 1640களிலும் 1650களிலும் பல இடங்களில் ஓட்டை. கண்டுபிடித்த ஞானஸ்நானக் குழந்தை அதே ஊரில் ஐந்து வயதில் அடக்கமாகியிருக்கிறதா என்று அடக்கப் பதிவைப் பார்க்காமல் எவரையும் ஒட்டக் கூடாது. அமெரிக்க மரங்களில் இப்படிச் செத்த குழந்தைகளுக்குப் பேரன் பேத்திகள் நிறைய. 1620 முதல் 1640 வரை நியூ இங்கிலாந்துக்கு வந்த சுமார் 20,000 பேரைப் பற்றி பாஸ்டனில் 1845இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து ஹிஸ்டாரிக் ஜீனியலாஜிக்கல் சொசைட்டி வெளியிட்டிருக்கும் ஆய்வுகளை முதலில் புரட்டுவது வருடங்களை மிச்சப்படுத்தும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான குடும்ப வரலாறுகளிடம் எச்சரிக்கை வேண்டும். குஸ்தாவ் ஆஞ்சூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் பொய் உயில்களையும் பொய்ப் பதிவுகளையும் சேர்த்துக் கோத்த வம்சாவளிகளை விற்றே வாழ்ந்தார். அவருடைய கற்பனைகள் இன்றும் கணினி மரங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது

ஊர் தெரிந்த பிறகுதான் பெயருக்கு அர்த்தம் பார்க்க முடியும். ஸ்மித், கூப்பர் தொழிலால் வந்தவை. வாஷிங்டன் என்பது அக்காலத்தில் இங்கிலாந்தின் டர்ஹம் கவுன்டியில் இருந்த ஊர். யேல் என்பதும் இடப்பெயர்தான்: வட வேல்ஸில் இயால் என்ற மேட்டுநிலப் பகுதி. வேல்ஸ்காரர்கள் இந்தக் காலத்தில்தான் அப்பா பெயரைத் தொடுத்துச் சொல்வதை விட்டு நிலையான பெயருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ரீஸின் மகன் என்று பொருள்படும் ‘அப் ரீஸ்’ பிரைஸ் ஆனதும், ‘அப் ஹவெல்’ பவல் ஆனதும் அப்படித்தான். நம் வீடுகளில் முருகன் மகன் குமார் மு. குமார் ஆகி, அவர் மகன் கு. செல்வம் ஆவதைப் போல, அங்கேயும் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. ஆகவே வேல்ஸ் வழியில் குடும்பப் பெயர் ஒரு தலைமுறைக்கு மேல் காணாமல் போனால் வழி அறுந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நியூ நெதர்லாந்தில் இது இன்னும் தெளிவு. 1650இல் வந்த யான் ஆர்ட்சூன், அதாவது ஆர்ட்டின் மகன் யான், உட்ரெக்ட் பக்கம் டி பில்ட் ஊர்க்காரர், வழிவந்தவர்கள் வான்டர்பில்ட். க்ளேஸ் மார்டென்சன் வான் ரோசன்வெல்ட்டின் வழிவந்தவர்கள் ரூஸ்வெல்ட். 1664இல் ஆங்கிலேயர் அந்தக் காலனியைப் பிடித்த பிறகு நிலையான பெயர் மெல்ல வழக்கமானது; ஒரே அப்பாவின் இரண்டு மகன்கள் இரண்டு வெவ்வேறு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. தேடுபவருக்கு இங்கே ஓர் ஆறுதல்: டச்சு சபைப் பதிவுகளில் பெண்கள் பிறந்தவீட்டுப் பெயரிலேயே வருவார்கள், ஞானப்பெற்றோரும் பெரும்பாலும் தாத்தா பாட்டி, அத்தை மாமாவாக இருப்பார்கள்.

ஜெர்மன் பெயர்கள் ஒலி மாறியும் மொழிபெயர்ந்தும் போயின. ஐசன்ஹவர் குடும்பத்தின் மூதாதை 1741இல் வந்தபோது ஐசன்ஹாவர். ஹூவர் ஒரு காலத்தில் ஹூபர். ஸிம்மர்மன் சில வீடுகளில் கார்பென்டர் ஆனார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் மார்ட்டனின் கொள்ளுத்தாத்தா ஃபின்லாந்துக்காரர் மார்ட்டினென். பாஸ்டன் வெள்ளித் தட்டார் பால் ரெவியரின் அப்பா பிரான்ஸிலிருந்து வந்த அப்போலோஸ் ரிவ்வார். இவற்றை எந்த அதிகாரியும் மாற்றவில்லை. அவரவரும் அக்கம்பக்கத்தாரும் எழுத்தர்களும் சேர்ந்து மாற்றியவை. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் பெயர் மாற்றினார்கள் என்ற கதை காலனிக் குடும்பங்களுக்குப் பொருந்தவே வாய்ப்பில்லை, அந்த நிலையம் திறந்ததே 1892இல். குடும்பப் பெயருக்கென்று விற்கும் சின்னங்களையும் வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் மரபுச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் கொடுத்தது. ஒரு பெயருக்குக் கொடுத்ததல்ல.

அடிமைப்படுத்தப்பட்டவர்களின் சந்ததியினருக்கு இந்தப் பாதை முழுவதும் வேறு. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளி பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டும். மனிதருக்குப் பெயர் இல்லை. விடுதலை பெற்றவர்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பு 1870. அவர்கள் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர் கடைசி முதலாளியுடையது என்று எடுத்துக்கொண்டு தேடினால் பல நேரம் தவறும். பழைய முதலாளியின் பெயரையோ, அப்பா வைத்திருந்த பெயரையோ தேர்ந்தெடுத்தவர்கள் பலர். 1870க்கு முன்னால் போக, சந்தேகப்படும் முதலாளி வீட்டின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் நிலத்தைப் படிப்பதுபோலவே படிக்க வேண்டும். மனிதர்களின் பெயர்கள் அங்கே மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே விலையோடு எழுதப்பட்டிருக்கும். கசப்பான வாசிப்பு, ஆனால் ஒரு தாயையும் பிள்ளைகளையும் சேர்த்துக் காட்டும் ஒரே தாள் பெரும்பாலும் அதுதான்.

டிஎன்ஏ எதைச் சொல்லும்

கடைகளில் கிடைக்கும் பொதுவான பரிசோதனை ஐந்தாறு தலைமுறை வரை உதவும். அதற்கு மேல் ஒவ்வொரு முன்னோரிடமிருந்தும் வரும் பங்கு பாதி பாதியாகக் குறைந்து, 11 தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் துண்டு எதுவுமே நம் உடலில் இல்லாமல் போவது மிகவும் சாதாரணம். குடும்பப் பெயரோடு சேர்ந்து பயணிப்பது ஒய் குரோமோசோம். தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது. ஒரே பெயருள்ள இரண்டு ஆண்களை, அவர்களுடைய வம்சாவளி ஆவணப்படி பொது மூதாதையில் சேருகிறது என்றால், சோதித்துப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் ஆவணத்திலோ பிறப்பிலோ எங்கோ ஒரு முறிவு: தத்து, அம்மாவின் பெயரை வைத்துக்கொண்டது, மாற்றான் மகன் புது அப்பாவின் பெயரை எடுத்தது. ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒருவரைச் சோதித்தால் முறிவு எந்தத் தலைமுறை என்று சுருக்கலாம்.

பொருந்தினாலும் எந்த ஆள் என்று ஒய் குரோமோசோம் சொல்லாது. 1998இல் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் பெரியப்பா ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண்வழிச் சந்ததியினரையும், ஜெஃபர்சனின் அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸின் மகன் எஸ்டனின் சந்ததியில் ஒருவரையும் சோதித்தபோது குரோமோசோம் பொருந்தியது. ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பது அதோடு உறுதி. எந்த ஆண் என்பதற்குக் குடும்ப வாய்மொழியையும் ஜெஃபர்சனின் குறிப்பேடுகளையும் பார்க்க வேண்டியிருந்தது. அடிக்கடி நீண்ட காலம் வெளியூரில் இருந்த அவர், சாலியின் ஒவ்வொரு பிள்ளையும் கருவுற்ற நாட்களில் மான்டிசெல்லோ வீட்டில் இருந்திருக்கிறார்.